மொறிஸ் மைனரின் முன்விளக்கு: 2.4 வோல்ற்று போன இடம்

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைத் தேர் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணியளவில் மண்முனைப் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தோம். வண்டி, அப்பா விட்டுச்சென்ற 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. பின்னிருக்கையில் அம்மாவும் பெரியம்மாவும். நிலவில்லாத இரவு, இரண்டு பக்கமும் வயல். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்ததால் விளக்கை டிம்மில் வைத்திருந்தேன். அது கடந்துபோன மறுகணம், முன்னால் கிடந்த வீதியின் ஒரு துண்டு அசைந்தது.

எருமை. வாய்க்காலில் புரண்டு எழுந்த ஈர உடம்பு. கறுத்த தாரின் மேல் கறுத்த முதுகு. எங்களுக்குப் பின்புறம் காட்டி நின்றதால் கண் பளபளப்பும் இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் ஓடிவிடும். மொறிஸ் மைனருக்கு நான்கு சில்லிலும் டிரம் பிரேக்தான். முழுப் பலத்தையும் காலில் கொடுத்து மிதித்தேன். பம்பருக்கும் எருமையின் வாலுக்கும் ஒரு முழ இடைவெளி மிச்சமிருந்தது.

“மகன், அது உனக்குத் தெரியவில்லையா?” என்று அம்மா கேட்டார். தெரியவில்லை. அம்மாவின் கேள்வியோடுதான் இந்த வேலை தொடங்கியது.

அடுத்த நாள் மச்சானிடம் சொன்னேன். அவர் உடனே இரண்டு யோசனை வைத்தார்: ஒன்று, 100 வாற்று மின்குமிழ் போடு, இல்லையென்றால் வெள்ளை எல்.ஈ.டி. போடு. கல்முனை வீதியில் எதிரே வரும் முச்சக்கர வண்டிகளின் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் கண் கூசி ஓரத்தில் நிறுத்தியவன் நான். அந்தத் துன்பத்தை இன்னொருவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதைவிட, வெளிச்சம் ஏன் குறைந்தது என்று தெரியாமல் மின்குமிழை மட்டும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அப்பா இதே வண்டியில், வாவியின் மேற்குக் கரையான இதே படுவான்கரை வீதிகளில் இரவில் ஓடியவர். அந்தக் காலத்தில் பாலம் கூட இல்லை, மண்முனைத் துறையில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏற்றித்தான் வண்டியை அக்கரைக்குக் கொண்டுபோவார். விளக்கைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஆகவே முதலில் எடுத்தது ஸ்பானரை அல்ல, மல்டிமீற்றரை.

சோதனை எளிது. இயந்திரத்தை நிறுத்தி, டிம் விளக்கைப் போட்டு, பற்றரியின் இரு முனைகளுக்கிடையே அளந்தேன்: 12.2 வோல்ற்று. பிறகு இடப்பக்க விளக்கைக் கழற்றி, செருகியிலேயே, விளக்கு எரியும்போதே அளந்தேன்: 9.8. பற்றரிக்கும் விளக்குக்கும் இடையில் 2.4 வோல்ற்று வழியிலேயே தொலைந்துகொண்டிருக்கிறது. இழை மின்குமிழின் வெளிச்சம் வோல்ற்றளவோடு நேராகக் குறைவதில்லை, மிக வேகமாகக் குறைகிறது. வோல்ற்றளவில் ஐந்தில் ஒரு பங்கு போனால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். என் விளக்குகள் மஞ்சளாக, அகல்விளக்குப் போல எரிந்ததற்குக் காரணம் இதுதான்.

தொலைந்த 2.4 எங்கே என்று தேட, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியில் வைத்துக்கொண்டு மறுமுனையை விளக்குக்குப் போகும் வழியில் ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினேன். விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், மின்னோட்டம் இல்லாமல் இந்த இழப்பு தெரியாது. பற்றரியிலிருந்து டாஷ்போர்ட்டில் உள்ள இழுசுவிட்ச் வரையான வயரில் 0.4 போனது. சுவிட்சுக்குள்ளேயே 0.5. தரையில் காலால் மிதிக்கும் டிம் சுவிட்சில் 0.6. முன்பக்கத்தில் உள்ள, துப்பாக்கிக் குண்டு வடிவ வயர் இணைப்புகளில் 0.3. மீதி 0.6 ஏர்த் பக்கத்தில், அதாவது மின் வண்டியின் உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் வழியில். கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக 2.4. கெட்டுப்போனதென்று ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது. அறுபது வருடத்துத் துருவும் கடற்காற்றும் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கின்றன.

இந்தக் கணக்கை எழுதிய தாளை எடுத்துக்கொண்டு காத்தான்குடியில் வாகன மின்வேலை செய்யும் காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருவரிடம் போனேன். அப்பாவின் காலத்திலிருந்தே இந்த வண்டியைத் தெரிந்தவர். தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த வயரில் நீங்கள் 100 வாற்றுப் போட்டால் வெளிச்சம் கூடாது, சுவிட்ச்தான் எரியும்” என்றார். கூடுதல் மின்னோட்டம் போனால் வழியில் ஏற்படும் இழப்பும் கூடும். அதோடு, வண்டி ஓடும்போது மின் தரும் டைனமோவும் இருக்கிறது. இந்த வண்டியின் லூக்காஸ் டைனமோ அதிகபட்சமாகத் தருவது 22 அம்பியர். இரண்டு 100 வாற்று விளக்குகளே பதினேழு அம்பியரை விழுங்கிவிடும். பற்றவைப்புக் கொயில், பின்விளக்கு, மழைக்கு வைப்பர் எல்லாம் சேர்ந்தால் பற்றரி ஒவ்வொரு நிமிடமும் வற்றிக்கொண்டே போகும்.

எல்.ஈ.டி.யை அவர் வேறு காரணத்துக்காக மறுத்தார். இந்த வண்டி பொசிட்டிவ் ஏர்த். அதாவது பற்றரியின் நேர்முனை உடம்போடு பிணைந்திருக்கிறது, மின் வருவது எதிர்முனையிலிருந்து. இழை மின்குமிழுக்கு எந்தப் பக்கமிருந்து மின் வந்தாலும் ஒன்றுதான். எல்.ஈ.டி.க்கு அப்படியல்ல, திசை மாறினால் எரியாது. நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வானொலிப் பெட்டிகூட இல்லாத வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். மேலும், இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டுச் செய்த கிண்ணத்துக்குள் வேறு வடிவமுள்ள ஒளியை வைத்தால், அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகிறது.

முடிவு இப்படி: பழைய சீல்ட் பீம் இரண்டையும் எடுத்துவிட்டு, எச்4 ஹலஜன் மின்குமிழ் ஏற்கும் ஏழு அங்குல விளக்குகள். வாற்று அளவு பெரிய வெளிச்சத்துக்கு 60, டிம்முக்கு 55, அதற்கு மேல் வேண்டாம். மின் பழைய சுவிட்சுகள் வழியாகப் போகக் கூடாது, பற்றரியிலிருந்து ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்ச் மூலம் நேராக விளக்குக்குப் போக வேண்டும். சீல்ட் பீம் என்பது இழை, கிண்ணம், கண்ணாடி மூன்றும் ஒன்றாக ஒட்டிய முழுப் பாகம், இழை அறுந்தால் அத்தனையையும் எறிய வேண்டும். எச்4 விளக்கில் மின்குமிழை மட்டும் மாற்றலாம். பின்னால் உள்ள மூன்று கால் செருகி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பது பெரிய வசதி.

விளக்கு வாங்கக் கொழும்புக்கு, பஞ்சிகாவத்தைக்குப் போனேன். இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் நுழைந்த கடையில் காட்டிய சோடி பளபளவென்று அழகாக இருந்தது. கண்ணாடியில் வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்துள்ள அங்கீகார முத்திரையும் இருந்தது. ஆனால் அம்புக்குறி இல்லை. அம்பு இல்லாத விளக்கு வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்குச் செய்தது. அதன் டிம் வெளிச்சம் வலப்புறம் மேலே ஏறும். நம் நாட்டில் வலப்புறம் வருபவர் எதிர்த் திசைக்காரர். நமக்கு வேண்டியது, விளக்கை முன்னால் நின்று பார்க்கும்போது நம் வலக்கைப் பக்கம் காட்டும் அம்புள்ளது. அதுதான் வண்டிக்கு இடப்பக்கம், வீதியோரம். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்றார். ஒன்றல்ல. மூன்றாவது கடையில் அம்புள்ள சோடி கிடைத்தது. பார்க் விளக்குக்கென்று துளை உள்ளதும் இல்லாததும் வரும். மொறிஸ் மைனருக்குப் பார்க் விளக்கு தனியாக இருப்பதால் துளையில்லாததையே எடுத்தேன்.

மாரி தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று ஐப்பசி முதல் சனிக்கிழமை வலப்பக்க விளக்கில் கைவைத்தேன்.

குரோம் வளையத்தின் அடியில் ஒரே ஒரு ஸ்குறூ. அது அசையவில்லை. முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வைத்தேன், காலையில் இளஞ்சூடு காட்டினேன், ஸ்குறூட்றைவரின் பிடியில் மெல்லத் தட்டினேன். கடைசியில் தலை முறிந்து கையில் வந்தது. மிச்சத்தைத் துளைத்து எடுக்க ஒரு மணித்தியாலம். வளையம் கழன்றதும் உள்ளே பார்த்தால் ஒரு கைப்பிடி கல்லடிக் கடல் மணலும், சுவரில் ஒட்டிய குளவிக் கூடு ஒன்றும். கூட்டின் அறைகள் வெறுமையாக இருந்தன, குளவி எப்போதோ போய்விட்டது. அதற்குப் பின்னால் இரும்புக் கிண்ணத்தின் அடிப்பாகம் பிஸ்கட் போல நொறுங்கியது, விரல் மறுபக்கம் போய்ச் சில்லின் றப்பரைத் தொட்டது.

இந்த வண்டியில் விளக்குக் கிண்ணம் மட்காட்டுக்குள் சில்லுக்கு நேரே துருத்திக்கொண்டு நிற்கிறது. சில்லு அடிக்கும் சேறும் தண்ணீரும் நேராக அதன் முதுகில்தான் விழும். 1948இல் மொறிஸ் மைனர் வெளிவந்தபோது விளக்குகள் முன் சல்லடையின் இரு புறமும் தாழ்வாக இருந்தன. விளக்கு இன்னும் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதிக்காகத்தான் அவை மட்காட்டின் மேல் ஏறின. நமக்குப் பழக்கமான அந்த விழித்த முகம் அப்படி வந்தது. அந்த முகம் எனக்குப் பிடிக்கும், ஆனால் கிண்ணத்துக்கு அது நல்லதாக அமையவில்லை.

புதிய கிண்ணங்கள் பிளாஸ்டிக்கில் வாங்கினேன். துருப்பிடிக்காது. ஆனால் பிளாஸ்டிக்கில் மின் ஓடாது. பழைய வயரிங்கில் ஏர்த், கிண்ணத்தையும் மட்காட்டையும் நம்பியிருந்தது. எனவே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனிக் கறுப்பு வயர் ஒன்றை இயந்திர அறைக்குள் கொண்டுவந்து, உடம்பில் பெயின்ற்றைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிந்த இடத்தில் பல்வட்டு (பல்லுள்ள வாஷர்) வைத்து முடுக்கி, மேலே வாசலின் பூசிவிட்டேன். ஏர்த்தில் போன 0.6 வோல்ற்று இந்த ஒரு வேலையிலேயே திரும்பிவிட்டது.

வயர் பற்றி ஒரு சொல். வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67 வயர் கையில் மிச்சமிருக்கிறதென்று பலர் அதையே வாகனத்துக்கும் இழுக்கிறார்கள். தடிப்பு போதும், ஆனால் ஏழு கம்பி மட்டுமே உள்ள விறைத்த வயர் வண்டியின் அதிர்வில் முனையில் முறியும். நான் எடுத்தது மெல்லிய இழைகள் நிறைய உள்ள வாகன வயர்: பற்றரியிலிருந்து ரிலேக்கு 4 சதுர மில்லிமீற்றர், ரிலேயிலிருந்து விளக்குக்கு 2. பழைய நிறங்களை மாற்றவில்லை. நீலத்தில் சிவப்புக் கோடு என்றால் டிம், நீலத்தில் வெள்ளைக் கோடு என்றால் பெரிய வெளிச்சம், கறுப்பு என்றால் ஏர்த். நாளை வேறொருவர் இந்த வண்டியைத் திறந்தாலும் குழம்பக் கூடாது.

ரிலேயின் வேலை இதுதான்: பழைய சுவிட்சிலிருந்து வரும் நீல வயர் இனி விளக்கை எரிக்காது, ரிலேக்குள் இருக்கும் சிறு சுருளை மட்டும் இயக்கும். அதற்கு அரை அம்பியர்கூடத் தேவையில்லை. சுருள் காந்தமாகி உள்ளே தொடுகையை இழுக்க, தடித்த வயர் வழியாக மின் நேராக விளக்குக்குப் பாயும். டிம்முக்கு ஒன்று, பெரிய வெளிச்சத்துக்கு ஒன்று. 30ஆம் காலுக்குப் பற்றரி, 87க்கு விளக்கு, 86க்குப் பழைய நீல வயர், 85க்கு ஏர்த். பற்றரிக்குப் பக்கத்திலேயே 30 அம்பியர் பியூஸ் ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக 10 அம்பியர் பியூஸ் வீதம் நான்கு. இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது முன்விளக்குக்குப் பியூஸே இல்லை. இரண்டு விளக்குக்கும் ஒரே பியூஸ் வைத்தால் அது போகும் கணத்தில் முழு இருட்டு. தனித்தனியாக வைத்தால் ஒரு கண்ணாவது மிஞ்சும்.

இங்கேதான் தவறு செய்தேன். ரிலேக்களை முடுக்கி, எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்து, சுவிட்சை இழுத்தேன். விளக்கு எரியவில்லை. டாஷ்போர்ட்டுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. சுவிட்சைத் தள்ளிவிட்டு, ஓடிப்போய்ப் பற்றரி முனையைக் கழற்றினேன். ரிலேயைத் தொட்டால் சுட்டது. அதைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த சிறு படத்தைக் கவனித்தேன். சுருளுக்குக் குறுக்கே ஒரு முக்கோணமும் கோடும். டயோட், மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு. நெகட்டிவ் ஏர்த் வண்டிக்கு அது பாதுகாப்பு. பொசிட்டிவ் ஏர்த்தில் அது மின்னை நேரே ஏர்த்துக்குக் கடத்தும் குறுக்கு வழி. எல்.ஈ.டி.யின் திசை பற்றிக் காக்கா அவ்வளவு விளக்கிய பிறகும், ரிலேக்குள் திசை பார்க்கும் ஒன்று இருக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. நீல வயரில் ஒரு சாண் உறை உருகியிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டு, அந்த வயருக்கும் ஒரு சிறு பியூஸ் சேர்த்தேன்.

டயோட் இல்லாத ரிலேயை வாங்கும்போது மல்டிமீற்றரைக் கடைக்கே கொண்டுபோனேன். 85க்கும் 86க்கும் இடையில் தடையை அளந்து, முனைகளை மாற்றி மறுபடி அளந்தேன். இரண்டு முறையும் ஏறத்தாழ 85 ஓம். டயோட் இருந்தால் டயோட் சோதிக்கும் நிலையில் ஒரு பக்கம் வேறு அளவு காட்டும். பொசிட்டிவ் ஏர்த் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்தே ஆக வேண்டும்.

மறு சனிக்கிழமை சுவிட்சை இழுத்தேன். டக் என்று ரிலே அடித்த சத்தம், அடுத்த கணம் வேலிக் கிடுகின் ஒவ்வோர் ஓலையும் தனித்தனியாகத் தெரிந்தது. செருகியில் அளந்தால் 11.8 வோல்ற்று, பற்றரியில் 12.2. இயந்திரத்தை ஓட்டி வேகம் கொடுத்தபோது விளக்கில் 13.1. டிம் விளக்கு, பார்க், கொயில் எல்லாம் சேர்த்து 15 அம்பியருக்குச் சற்றுக் கூட எடுத்தது. டைனமோ தாங்கும். ஐட்லிங்கில் மட்டும் தாங்காது, அப்போது டாஷ்போர்ட்டில் சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கும். காத்தான்குடி நெரிசலில் நிற்கும்போது வேகத்தைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

வெளிச்சம் வந்துவிட்டதென்று வேலையை அங்கே நிறுத்த முடியாது. குறி பார்க்காத எச்4 விளக்கும் எதிரே வருபவருக்குக் குருடுதான். இதற்குச் சமதரையும் அதன் முடிவில் ஒரு சுவரும் வேண்டும். ஊர் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சீமெந்துக் களம் நினைவுக்கு வந்தது. கேட்டதும் தந்தார்கள். களம் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் மழைநீர் வழிய ஒரு பக்கம் சரித்துத்தான் கட்டியிருப்பார்கள் என்பதால், மேசன்மார் பார்ப்பதைப் போல ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி விளக்கின் மட்டத்தைச் சுவருக்குக் கொண்டுபோனேன். சுவரிலிருந்து 5 மீற்றரில் வண்டி. சில்லுக் காற்று சரி, சாரதி இருக்கையில் மச்சான். விளக்கின் நடுப்புள்ளிக்கு நேரே சுவரில் கரிக்கோடு, அதற்கு 5 சென்ரிமீற்றர் கீழே இன்னொன்று. டிம்மின் மேல்விளிம்பு கீழ்க் கோட்டில் நிற்க வேண்டும். அதாவது 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சரிவு. மேலே உள்ள ஸ்குறூ உயரத்துக்கு, பக்கத்தில் உள்ளது இடவலத்துக்கு. ஒரு விளக்கைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். சுவரில் வெளிச்சத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதைப் போல வலப்பக்கம் மட்டமாக வந்து, நடுவிலிருந்து இடப்பக்கம் சரிவாக மேலே ஏறியது. அந்தச் சரிவைப் பார்த்ததும் பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கிய களைப்புப் போய்விட்டது.

விளக்கை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து வைத்திருந்தேன். ஆள் நடமாட்டமில்லாத நேரான ஒழுங்கை ஒன்றில் டிம் விளக்கைப் போட்டு நிறுத்தி, மச்சானிடம் கறுப்புக் குடையை விரித்துக் கொடுத்து, குடைக்குப் பின்னால் முழங்காலிட்டுக்கொண்டே பின்னால் போகச் சொன்னேன். 26 எட்டில் குடை மறைந்தது. அதே ஒழுங்கையில், அதே குடையோடு, புதிய விளக்கில் 61 எட்டு. திரும்பி வந்த மச்சான் குடையை மடக்கியபடியே, தன் முச்சக்கர வண்டியின் எல்.ஈ.டி.யையும் எப்போது அந்தக் களத்துச் சுவருக்குக் கொண்டுபோகலாம் என்று கேட்டார்.

முதல் மழைக்குப் பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மீண்டும் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். திரும்பும்போது எதிரே வந்த பஸ் ஒருமுறைகூட விளக்கை அடித்துக் காட்டவில்லை. பாலத்துக்கு முன் வயலோரத்தில், ஏறி வரலாமா வேண்டாமா என்ற நிலையில் நான்கைந்து எருமைகள். அவற்றின் முதுகுச் சேறு காய்ந்து வெடித்திருந்தது வரை தெரிந்தது. வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல், அவை ஒவ்வொன்றாக வீதியைக் கடந்து முடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தார்.

கிண்ணத்தின் றப்பர் வளையம் மழையைத் தாங்கியிருக்கிறதா என்று மறுநாள் காலை வலப்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஈரமில்லை. ஸ்குறூவுக்கு இன்னும் கொஞ்சம் வாசலின் பூசி மூடிவிட்டேன்.